எதுகை அடைவும் ஹாஷ் அட்டவணையும்: வலையமைப்பு இயக்கிகளின் அறை எண்ணிக்கைச் சிக்கல் தமிழ்ச் சொல்லடைவுக்குப் பொருந்துமாறு

ஆய்வுச் சுருக்கம்

கணினியின் வலையமைப்பு இயக்கி நிரல்கள் முகவரிகளை விரைந்து தேடுவதற்கு ஹாஷ் அட்டவணைகளைக் கையாளுகின்றன. அவ்வட்டவணைக்கு எத்தனை அறைகள் வேண்டும் என்பது இயக்கி எழுதுவோர் ஒவ்வொருவரும் விடைகாண வேண்டிய வினாவாகும். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி சொற்களை எதுகைவழிப் பகுத்திருக்கும் முறையோடு இச்சிக்கலை ஒப்புநோக்கி, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் இருபது ஊர்ப்பெயர்களைக் கொண்டு இக்கட்டுரை கணக்கிட்டுப் பார்க்கிறது. சாவியின் எப்பகுதியில் வேறுபாடு உறைகிறது என்பதை அறியாமல் அறைகளைப் பெருக்குவதால் தேடல் விரைவதில்லை என்பது இதன் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: ஹாஷ் அட்டவணை, எதுகை, நிகண்டு, சொல்லடைவு, ஒருங்குறி, வலையமைப்பு இயக்கி.

முன்னுரை

கொள்ளிடத்தின் வடகரையை ஒட்டி, இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஏலாக்குறிச்சி, வீரமாமுனிவர் பணியாற்றிய ஊர் என்ற அளவில் தமிழ் மாணவர் அனைவரும் அறிந்தது. அவர் 1732இல் இயற்றிய சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவுகளை உடையது. அகராதி வரலாறு எழுதுவோர் முதல் மூன்று பிரிவுகளையே விரிவாகப் பேசுவர். நான்காவதாகிய தொடைப் பிரிவு எதுகைச் சொற்களைத் திரட்டித் தருவது. செய்யுள் இயற்றுவோர்க்கு உதவும் துணைக்கருவி என்ற ஒரு வரியோடு அது பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஒரே நூலுக்குள் ஒரே மொழியின் சொற்கள் இருவேறு சாவிகளைக் கொண்டு அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது அங்கே கவனிக்கத்தக்கது. பெயர்ப் பிரிவில் சொல்லின் முதலெழுத்து சாவியாகிறது. தொடைப் பிரிவில் இரண்டாம் எழுத்து சாவியாகிறது.

இரண்டாம் எழுத்தைச் சாவியாக்குவது வீரமாமுனிவர்க்கு முற்பட்ட வழக்கம். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளை உடையது. அதன் பதினோராம் தொகுதியாகிய ஒருசொல் பல்பொருள் பெயர்த்தொகுதி, ககர எதுகை முதலாக மெய்யெழுத்து வரிசையில் சொற்களைப் பகுத்துள்ளது. ‘அரி’ என்னும் சொல்லுக்குப் பொருள் தேடுபவர் அகரத்தில் தேடாமல் ரகர எதுகையில் தேடவேண்டும். நூல் விருத்தப்பாவால் ஆகியது. ஒரு பாட்டின் நான்கடிகளும் எதுகை பெற்று வருவன. ஆகவே ஒரு பாட்டுக்குள் அடங்கும் தலைச்சொற்கள் இயல்பாகவே ஓர் எதுகைக்கு உரியனவாகின்றன. பாடம் செய்த மாணவனின் நினைவில் எதுகை ஒலித்தவுடன் பாட்டு எழும். பாட்டு எழுந்தவுடன் பொருள் கிட்டும்.

சொல்லின் ஒரு பகுதியை மட்டும் எடுத்து, அதனைக் கொண்டு சொல் இருக்கவேண்டிய இடத்தை நேரே கண்டுகொள்வது என்னும் இச்செயலையே கணினித் துறையினர் ஹாஷ் என்கின்றனர். அச்சொல்லுக்குப் பல தமிழாக்கங்கள் முன்மொழியப்பட்டிருப்பினும் ஒன்றேனும் நிலைபெறவில்லை என்பதால் இக்கட்டுரை ஒலிபெயர்ப்பையே ஆள்கிறது. நிகண்டாசிரியர்கள் கணினியியலை முன்னறிந்தனர் என்பது இங்குக் கூறப்படுவதன்று. அவ்வாறு கூறும் கட்டுரைகள் நம் இதழ்களில் அவ்வப்போது வருகின்றன. அவை நிகண்டுக்கும் பெருமை சேர்ப்பதில்லை, கணினியியலையும் விளக்குவதில்லை. எதுகை தெரிவு செய்யப்பட்டதற்குக் காரணம் யாப்பும் மனப்பாடமும். அமைப்பு ஒத்திருப்பதால் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளக்கலாம் என்பதே இங்குக் கொள்ளப்படும் நிலைப்பாடு.

ஹாஷ் அட்டவணையின் இயல்பு

ஹாஷ் அட்டவணையில் மூன்று கூறுகள் உள்ளன. தேடப்படும் பொருளின் அடையாளம் சாவி. சாவியை ஓர் எண்ணாகச் சுருக்கித் தரும் கணக்கு ஹாஷ் சார்பு. அவ்வெண்ணுக்குரிய இடம் அறை. இரு சாவிகள் ஒரே அறைக்கு வருவது மோதல் எனப்படும். அப்போது அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்படுகின்றன. தேடுபவர் அறையை உடனே அடைந்தாலும், அறைக்குள் இருக்கும் தொடரை வரிசையாக ஒப்பிட்டே சொல்ல வேண்டும். சூடாமணியில் எதுகையைக் கண்டுகொண்டபின் அவ்வெதுகையின் பாட்டுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பது போன்றது இது.

அறைகள் மிகின் மோதல் குறையும் என்பது பொதுவிதி. சாவிகள் சீராகச் சிதறும் என்று கொண்டால், m அறைகளில் n சாவிகள் இருக்கும்போது, உள்ள ஒன்றைத் தேடிக் காண்பதற்குரிய சராசரி ஒப்பீடு 1 + (n−1)/2m ஆகும். இவ்வாய்பாட்டில் ‘சீராகச் சிதறும் என்று கொண்டால்’ என்பதே முழுச் சுமையையும் தாங்குகிறது.

வலையமைப்பு இயக்கிகளில் அறை எண்ணிக்கை

வலையமைப்பு அட்டைக்கும் இயக்க முறைமைக்கும் இடைநின்று பணியாற்றும் நிரல் இயக்கி எனப்படும். வரும் ஒவ்வொரு தரவுப் பொதியின் முகவரியையும் பார்த்து, அது யாருக்குரியது என்று அது முடிவு செய்ய வேண்டும். நொடிக்கு 10 கிகாபிட் வேகமுள்ள இணைப்பில் மிகச் சிறிய பொதிகள் இடைவிடாது வந்தால், ஒரு நொடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 48 லட்சம் பொதிகள் வந்து சேரும். ஒரு பொதிக்குக் கிடைக்கும் நேரம் 67 நானோநொடி. முதன்மை நினைவகத்தை ஒருமுறை சென்று படிப்பதற்கே ஏறக்குறைய அவ்வளவு நேரமாகும். ஆகவே ஓர் அறைக்குள் கூடுதலாக ஒரு சாவி தொடுக்கப்பட்டிருந்தாலும், அடுத்த பொதிக்குரிய நேரம் பறிபோகிறது.

அறை எண்ணிக்கை வன்பொருளிலேயே நிலைபெற்றுவிட்ட எடுத்துக்காட்டு ரியல்டெக் 8139 என்னும் சில்லு. இந்தியாவில் ஒரு காலத்தில் விலைகுறைந்த வலையமைப்பு அட்டைகளில் எங்கும் காணப்பட்டது இது. ஒரே தரவைக் குழுவாகப் பலர் பெறும் பல்முனை முகவரிகளை வடிகட்டுவதற்கு இதனுள் 64 அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் ஒரு பிட்டு மட்டுமே. இயக்கி, முகவரியைச் சிஆர்சி என்னும் கணக்கால் சுருக்கி, அதன் முதல் ஆறு பிட்டுகள் காட்டும் அறையை ‘திறந்தது’ எனக் குறிக்கிறது. வரும் பொதியின் முகவரி திறந்த அறையில் விழுந்தால் உள்ளே விடப்படும். மூடிய அறையில் விழுந்தால் தள்ளப்படும். வேண்டாத முகவரி ஒன்றும் திறந்த அறையில் விழக்கூடும். அதை மென்பொருள் பின்னர்க் கழிக்க வேண்டும்.

64 என்பதை மாற்ற இயலாது. லினக்ஸில் இவ்வட்டைக்குரிய இயக்கியை எழுதியோர் மாற்றக்கூடிய வேறோர் எண்ணை வைத்தனர். வேண்டும் முகவரிகள் 32ஐத் தாண்டினால், வடிகட்டுவதைக் கைவிட்டுப் பல்முனைப் பொதிகள் அனைத்தையும் ஏற்றுக்கொள் என்பது அவ்விதி. 32 முகவரிகள் சீராகச் சிதறினால் 64 அறைகளில் சராசரியாக 25 திறந்திருக்கும். வேண்டாத பொதிகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு உள்ளே நுழையும். 64 முகவரிகளானால் அது 63.5 விழுக்காடாக உயரும். அறைகளைக் கூட்ட இயலாத இடத்தில், எந்த அளவுக்குமேல் பகுப்பே பயனற்றதாகிறது என்று வரையறுப்பதே அளவைச் செப்பம் செய்தலாகிவிடுகிறது. மெய்கள் பதினெட்டைக் கடக்க இயலாத எதுகை அடைவுக்கும் இத்தகைய எல்லை உண்டு.

அறை எண்ணிக்கையை மென்பொருளே முடிவு செய்யும் இடங்களில் சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. பல அட்டைகளை ஒன்றிணைத்துச் சுமையைப் பங்கிடும் லினக்ஸின் பாண்டிங் இயக்கியில் ஓர் எளிய ஹாஷ் சார்பு உண்டு. பெறுநர் முகவரியின் பைட்டுகளை எக்ஸார் என்னும் பிட்டு வினையால் ஒன்றோடொன்று சேர்த்து ஒரே பைட்டாகச் சுருக்குவது அதன் பணி. அதற்குரிய அட்டவணை 256 அறைகளை உடையது. இதனைக் குறைக்கலாகாது என்று மூலநிரலின் குறிப்பே எச்சரிக்கிறது. சார்பு தரும் விடை ஒரு பைட்டு அகலமுடையதாகலின், குறைத்தால் விடை அட்டவணைக்கு வெளியே சென்றுவிடும். கூட்டினாலும் பயனில்லை. 1024 அறைகள் அமைத்தால் 768 அறைகளுக்கு எச்சாவியும் ஒருபோதும் வாராது. இங்கு அளவைத் தீர்மானித்தது சார்பு; அளவை மாற்ற விரும்புவோர் சார்பை மாற்றவேண்டும்.

ஒரே அட்டையைப் பல மெய்நிகர் அட்டைகளாகப் பகுக்கும் மேக்விலேன் இயக்கியின் தொடக்க வடிவம் இன்னும் எளிமையானது. ஆறு பைட்டு முகவரியின் கடைசிப் பைட்டே அறை எண்; 256 அறைகள். முகவரியின் முதல் மூன்று பைட்டுகள் அட்டையை ஆக்கிய நிறுவனத்துக்கு உரியவை. ஒரே தொகுதியாக வாங்கிய கணினிகள் நிறைந்த ஆய்வகத்தில் அவை அனைத்திற்கும் முன்பகுதி ஒன்றாகவே இருக்கும். வரிசை எண் ஏறிச் செல்லும் பின்பகுதியில்தான் வேறுபாடு உண்டு. எனவே கடைசிப் பைட்டைத் தெரிந்தது அறிவார்ந்த தெரிவே. ஆயினும் மெய்நிகர் முகவரிகளை நிருவாகி தம் விருப்பப்படி அமைக்கலாம். கடைசிப் பைட்டை மாற்றாமல் இடைப்பைட்டை மாற்றிச் சென்றால் அத்தனையும் ஓர் அறையில் குவியும். பின்னர் ஆறு பைட்டுகளையும் ஓரெண்ணாகக் கொண்டு, பொன்விகிதத்திலிருந்து பெற்ற ஒரு மாறிலியால் பெருக்கி, மேற்பிட்டுகளை எடுக்கும் முறைக்கு இவ்வியக்கி மாறியது. அறைகள் அப்போதும் 256ஆகவே இருந்தன என்பது நோக்கத்தக்கது.

அறைகளை அளவின்றிப் பெருக்கிவிடலாகாதா என்னும் ஐயம் எழலாம். 64 பிட்டு கணினியில் ஓர் அறையின் தலைப்புக்கு 8 பைட்டு வேண்டும். 256 அறைகளுக்கு 2048 பைட்டுகள். பல செயலிகளில் 32 கிலோபைட்டு அளவில் அமையும் முதல்நிலைக் கேஷ் நினைவகத்தில் அவை எளிதாக அடங்கும். 5,24,288 அறைகளுக்கு 4 மெகாபைட்டு தேவை. அது கேஷில் அடங்காது. தொடர் குறைந்தாலும் அறையை எட்டுவதற்கே முதன்மை நினைவகத்திற்குச் செல்ல நேரிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தீர்வாக, 2014இல் லினக்ஸில் சேர்க்கப்பட்ட தன்னளவு மாற்றும் அட்டவணை, உருப்படிகள் அறைகளின் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது விரிவடைகிறது. சுருங்க இசைவிருந்தால் 30 விழுக்காட்டுக்குக் கீழ் சுருங்குகிறது.

இருபது ஊர்கள்

மேற்கூறியவற்றைத் தமிழ்ச் சாவிகளில் சோதிக்க, இரு மாவட்டங்களிலிருந்தும் பின்வரும் ஊர்ப்பெயர்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன: பெரம்பலூர், அரியலூர், குன்னம், ஆலத்தூர், வேப்பந்தட்டை, செந்துறை, உடையார்பாளையம், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், திருமானூர், திருமழபாடி, ஏலாக்குறிச்சி, கீழப்பழுவூர், மேலப்பழுவூர், சாத்தனூர், வாலிகண்டபுரம், சிறுவாச்சூர், அரும்பாவூர், குரும்பலூர், காமரசவல்லி. இருபது என்பது சிறிய எண். கையாலேயே சரிபார்க்கக் கூடியது என்பதே அதன் நன்மை.

எதுகை வழிப் பகுத்தால், 18 அறைகளில் 12 நிரம்புகின்றன. ரகர அறையில் பெரம்பலூர், அரியலூர், திருமானூர், திருமழபாடி, அரும்பாவூர், குரும்பலூர் என ஆறு ஊர்கள். இரு மாவட்டத் தலைநகரங்களும் மோதிக்கொள்கின்றன. லகர அறையில் ஆலத்தூர், ஏலாக்குறிச்சி, மேலப்பழுவூர், வாலிகண்டபுரம் என நான்கு. எஞ்சிய பத்தும் தனித்தனி அறையில். ஓர் ஊரைக் கண்டடைய வேண்டிய சராசரி ஒப்பீடு 2.05. சீராகச் சிதறியிருந்தால் அது 1.53 ஆக இருந்திருக்கும்.

இனி அறைகளை இரட்டிப்போம். முதலெழுத்து அளவொத்து நிற்க இரண்டாம் எழுத்து ஒன்றுவதே எதுகை என்பது யாப்பிலக்கண வரையறை. அவ்வரையறையை முழுமையாகக் கடைப்பிடித்தால், ஒவ்வோர் எதுகை அறையும் குறில் முதல், நெடில் முதல் என இரண்டாகப் பிரியும். அறைகள் 36 ஆகும். வாய்பாட்டின்படி சராசரி ஒப்பீடு 1.26ஆகக் குறைய வேண்டும். உண்மையில் நிகழ்வது வேறு. ரகர அறையின் ஆறு பெயர்களும் குறிலில் தொடங்குகின்றன. லகர அறையின் நான்கு பெயர்களும் நெடிலில் தொடங்குகின்றன. ஒரு மோதல்கூட விலகவில்லை, சராசரி 2.05ஆகவே நிற்கிறது. இரட்டித்த இடம் முழுதும் வெற்றிடமாயிற்று. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை இப்பட்டியலில் இருந்திருந்தால், அது மட்டும் ரகர நெடில் அறையில் தனித்திருந்திருக்கும் என்பதையும் நேர்மை கருதிக் குறிப்பிட வேண்டும்.

வேறு திசையில் விரித்தால் நிலை மாறுகிறது. முதலெழுத்தின் மாத்திரையைப் பாராமல், இரண்டாம் எழுத்தின் மெய்யோடு அதன் உயிரையும் சேர்த்துச் சாவியாக்கினால், ரகர அறை ர, ரி, ரு என மூன்றாகவும், லகர அறை ல, லா, லி என மூன்றாகவும் பிரியும். சராசரி 1.35. எஞ்சும் குவியல் ‘ரு’வில் உள்ளது: திரு, அரு, குரு. வழக்கமான முதலெழுத்து அகராதியில் இப்பட்டியலின் சராசரி 1.2, ஆனால் பாடல்பெற்ற தலங்கள் மலிந்த ஒரு பெரும்பட்டியலில் ‘தி’யின் கீழ் எத்தனை திருவூர்கள் குவியும் என்பதை நாமறிவோம்.

ஈற்றெழுத்தின் மெய்யைச் சாவியாகக் கொண்டால் பத்துப் பெயர்கள் ரகரத்திலும் ஐந்து மகரத்திலும் குவிந்து, சராசரி 3.8ஆக உயர்கிறது. ஊர் என்னும் பொதுக்கூறு பெயரின் ஈற்றில் நிற்பதே காரணம். வலையமைப்பு முகவரியில் பொதுக்கூறு முன்னே நிற்கிறது. ஆகவே அங்குக் கடைசிப் பைட்டு நல்ல சாவியாயிற்று. தமிழ் ஊர்ப்பெயரில் பொதுக்கூறு பின்னே நிற்கிறது. ஆகவே இங்குக் கடைசி எழுத்து மோசமான சாவியாகிறது. ஒரு துறையில் தேர்ந்த சார்பை மற்றொன்றுக்கு அப்படியே எடுத்தல் இயலாமைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நிரலாக்கப் பாடநூல்களில் பெரிதும் காணப்படும் முறை ஒன்று, ஒவ்வோர் எழுத்துக்கும் முன்தொகையை 31ஆல் பெருக்கி அடுத்த எழுத்தின் எண்ணைக் கூட்டுவது; ஒவ்வொரு படியிலும் அறை எண்ணிக்கையால் வகுத்த மீதியை எடுத்துச் செல்வது. அறை எண்ணிக்கை பகா எண்ணாக இருத்தல் நன்று என்னும் அறிவுரையும் அப்பாடநூல்களிலேயே உண்டு. 31உம் பகா எண்தான். இரண்டையும் நம்பி 31 அறைகள் அமைத்தால், முன்தொகையை 31ஆல் பெருக்கி 31ஆல் வகுக்கும்போது அது முற்றிலும் மறைந்துபோகும். கடைசிக் குறியீட்டின் எண் மட்டுமே மிஞ்சும். ஒருங்குறியில் மெய்யெழுத்தின் கடைசிக் குறியீடு புள்ளி. நம் இருபது பெயர்களில் ரகர மெய்யீறும் மகர மெய்யீறும் உடைய பதினைந்தும் புள்ளியின் அறையாகிய 14இல் விழுகின்றன. இகர ஈற்றன மூன்றும் அறை 0இல். ஐகார ஈற்றன இரண்டும் அறை 9இல். ஏனைய 28 அறைகளும் காலி. சராசரி ஒப்பீடு 6.45. பதினெட்டு அறை எதுகை அடைவைக் காட்டிலும் முப்பத்தோர் அறைக் கணினி அட்டவணை மும்மடங்கு தாழ்ந்துபோகிறது.

எழுத்துக் குறியீடும் உடனிலை மெய்ம்மயக்கமும்

பாண்டிங் இயக்கியின் எக்ஸார் சார்பைத் தமிழ்ச் சொற்களின்மேல் செலுத்திப் பார்ப்பது பயனுடையது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள் பெறும். முதற்பைட்டு எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது 128 முதல் 191 வரை. அதாவது 24 பிட்டுகளில் உண்மையாக வேறுபடுபவை ஏழே.

எக்ஸார் வினையில் இதன் விளைவு கடுமையானது. குறியீடுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாயின் விடை 0 முதல் 63க்குள் அமையும். ஒற்றைப்படையாயின் 192 முதல் 255க்குள் அமையும். 64 முதல் 191 வரையுள்ள 128 அறைகளில், தமிழெழுத்து மட்டுமே கொண்ட எச்சொல்லும் ஒருகாலும் விழாது. 256 அறைகளில் சரிபாதி பிறவியிலேயே வீண்.

எக்ஸாருக்கு வரிசை தெரியாது. ஆகவே கதவு, தகவு என்னும் இரு சொற்களும் ஒரே விடையைத் தரும். கணக்கிட்டால் அவ்விடை 4. மேலும், ஒரே எண் இருமுறை வந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தமிழின் ஒலியமைப்பு இவ்விடத்தில் குறுக்கிடுகிறது. உடனிலை மெய்ம்மயக்கத்தில் ஒரே மெய் இருமுறை வருவதால், அம்மெய் கணக்கிலிருந்தே மறைந்துவிடும். பக்கம், பட்டம், பள்ளம் ஆகிய மூன்று சொற்களிலும் இரட்டித்த மெய்கள் அழிகின்றன. இடையிலும் ஈற்றிலும் உள்ள இரு புள்ளிகளும் அழிகின்றன. பகரமும் மகரமும் மட்டுமே எஞ்சுகின்றன. விடை மூன்றுக்கும் 4. கதவும் தகவும் இருந்த அதே அறை. வட்டம், வண்ணம், வள்ளம் என்பனவும் இவ்வாறே தமக்குள் மோதும். பொருள் வேறுபாட்டை ஏற்று நிற்கும் எழுத்தையே இச்சார்பு அழிக்கிறது. எதுகை அடைவோ அவ்வெழுத்தையே சாவியாக்குகிறது: அவ்வைந்து சொற்களும் அதில் க, ட, த, ள என நான்கு அறைகளில் அமைகின்றன, பக்கமும் தகவும் மட்டுமே மோதும்.

சொல்லடைவு நிரல்களை ஆங்கிலச் சொற்களைக் கொண்டு மட்டும் சோதித்துவிட்டுத் தமிழுக்கும் ஏற்றது என்று கொள்வது தவறாதற்கு இதுவே காரணம். பிழையான விடை எதுவும் வராது. சொல் கிடைக்கவே செய்யும். மெதுவாகக் கிடைக்கும். பிழை காட்டாத குறை என்பதால் அதனை எவரும் தேடிச் செல்வதில்லை.

சாவியின் நிலைப்பு

இதுவரை கூறியவை வேகம் பற்றியன. சொல் கிடைக்காமலே போகும் நிலையும் உண்டு. ஒருங்குறியில் ‘கொள்ளிடம்’ என்பதன் முதலெழுத்தைக் ககரத்தோடு ஒகரக் குறியாகிய ஒரே குறியீட்டைச் சேர்த்தும் எழுதலாம். ககரத்தோடு ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஹாஷ் சார்புக்கு இரண்டும் வேறுவேறு சாவிகள். ஓர் ஆய்வாளர் முதல் முறையில் உள்ளிட்ட சொல்லை மற்றொருவர் இரண்டாம் முறையில் தேடினால், அறை மாறிப்போய், அச்சொல் நூலில் இல்லை என்ற விடையே கிட்டும். சொல்லின் வருகை எண்ணிக்கையை வைத்துக் காலத்தையும் நடையையும் வாதிடும் ஆய்வுகளுக்கு இது சிறு பிழையன்று. சார்புக்குள் செலுத்துமுன் எல்லாச் சொற்களையும் ஒரே வடிவுக்குக் கொணரும் நெறிப்படுத்தல் இன்றியமையாதது.

நெறிப்படுத்தலால் தீராத வேறுபாடுகளும் உள. ஜெயங்கொண்டம் என்றும் செயங்கொண்டம் என்றும் எழுதுகிறோம். எதுகையில் இரண்டும் யகர அறையிலேயே நிற்கும், அகராதியில் பிரியும். ரஞ்சன்குடி, இரஞ்சன்குடி என்பன ஞகர, ரகர எதுகைகளாகப் பிரிகின்றன. லப்பைக்குடிகாடு, இலப்பைக்குடிகாடு என்பனவும் பகர, லகர எதுகைகளாகப் பிரிகின்றன. கிரந்த எழுத்தைத் தவிர்க்கும் வழக்கம் எதுகைச் சாவியைத் தீண்டுவதில்லை. மொழிமுதலாகா எழுத்துக்கு முன் உயிர் சேர்க்கும் வழக்கமோ அதனை முழுதும் இடம்பெயர்த்துவிடுகிறது. எவ்வடிவத்தைச் சாவியாகக் கொள்வது என்பது தமிழறிஞர் முடிவு செய்ய வேண்டியது, நிரலரிடம் விடத்தக்கதன்று.

மாவட்டப் பெயரைச் சாவியின் பகுதியாக்குவதும் இடர் தருவது. பெரம்பலூர் மாவட்டம் 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைந்து, 2007இல் மறுபடியும் பிரிந்தது. முன்னர் அச்சான கல்வெட்டுத் தொகுதிகளில் திருமழபாடி திருச்சிராப்பள்ளி மாவட்டத்து ஊர். மாவட்டத்தையும் ஊரையும் சேர்த்துச் சாவி அமைத்த அடைவு, ஏழாண்டுகளில் மும்முறை முழுவதும் மறுசிதறல் செய்யப்பட்டிருக்க வேண்டும். மாறக்கூடியதை உடன்வரும் தகவலாக வைக்கலாம், சாவியாக்கலாகாது.

இறுதியாக, இயக்கிகளுக்கும் சொல்லடைவுக்கும் உள்ள ஒரு வேற்றுமை. வலையமைப்பில் பகைவர் உண்டு. ஒரே அறையில் விழும் முகவரிகளை வேண்டுமென்றே தெரிந்து அனுப்பி அட்டவணையை முடக்கலாம் என்பதை 2003இல் கிராஸ்பி, வாலக் ஆகிய இருவரும் நிறுவினர். அறைகளை எத்துணைப் பெருக்கினும் இத்தாக்குதலைத் தடுக்க இயலாது. அதனால் இன்றைய இயக்க முறைமைகள், கணினி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் ஒரு மறை எண்ணைத் தாமாகத் தெரிந்து ஹாஷ் சார்போடு கலக்கின்றன. ஒரே முகவரி இன்று ஓர் அறையிலும் நாளை வேறோர் அறையிலும் விழும். பைதான் மொழியும் சொற்களுக்கு இதனையே இயல்பாகச் செய்கிறது. சொல்லடைவுக்கு இப்பாதுகாப்பு வேண்டுவதில்லை. மாறாகத் தீங்கு பயக்கும். ஹாஷ் எண்ணைக் கோப்பில் எழுதிவைத்து மறுநாள் திறந்தால் அது எவ்வறையையும் காட்டாது. தரவுத்தளம் அமைக்கும் தமிழாய்வாளர், மறை எண் கலவாததும் எழுத்து வரிசையைக் கணக்கில் கொள்வதுமான சார்பு ஒன்றைத் தெரிந்து, அதன் பெயரையும் அறை எண்ணிக்கையையும் தரவின் முகப்பிலேயே குறித்துவைத்தால், அத்தரவைப் பெறும் பிறரும் அதே சொல்லை அதே அறையில் காண்பர்.